பாதியில் நின்ற வயலின்

7 ஜூன் 1998, ஞாயிறு
கேஸ் சிலிண்டர் இன்றும் வரவில்லை. குழாயில் தண்ணீரும் இல்லை. இதெல்லாம் போதாதென்று பேப்பரில் ஒரு பேட்டி. ‘செவ்வாயில் ஒருவன்’ படத்தைப் பதினாறு வருடம் கழித்து அதன் இயக்குநர் ‘மெருகேற்றி’ மறுபடி வெளியிடுகிறாராம். அன்று வசதி இல்லாததால் செய்ய முடியாததை எல்லாம் இப்போது கம்ப்யூட்டரில் செய்திருக்கிறாராம்.

யார் கேட்டது? பால் கேனுக்கு வெள்ளி பெயின்ட் அடித்த ராக்கெட்தான். தெரியும். அந்தப் பால் கேனைத்தானே பதினோரு தடவை போய்ப் பார்த்தேன்.

12 ஜூன், வெள்ளி
காட்டாங்குளத்தூரில் காலேஜ் லேபுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு மேட்னி பார்த்தேன். அன்று பார்த்த அதே தாம்பரம் தியேட்டர். நாற்காலி கூட மாறவில்லை.

பால் கேன் போயே போய்விட்டது. அதற்குப் பதில் வீடியோ கேமில் வருவதுபோல் ஒன்று வழுக்கிக்கொண்டு பறக்கிறது. ஆகாயத்தில் தேவையில்லாமல் இரண்டு நிலா. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். படத்தின் முடிவிலேயே கை வைத்துவிட்டார்!

செவ்வாயில் தனியாக மாட்டிக்கொண்டவன் வயர்லெஸ்ஸில் ‘பூமி... கேட்குதா?’ என்கிறான். வயலின் எழுகிறது, பாதியில் நிற்கிறது, திரை இருட்டாகிறது. பதில் கிடையாது. அதுதான் படம். இப்போதோ வயலின் நிற்காமல் ஓடுகிறது. அவன் மனைவி மைக்கைப் பிடித்துக்கொண்டு ‘கேட்குது. இங்கே மழை பெய்யுது’ என்கிறாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒருவர் மூக்கைச் சிந்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

14 ஜூன், ஞாயிறு
எப்போதும்போல் நாலு மணிக்கு இரும்புலியூரில் ஜலால் வீடியோ லைப்ரரியின் பின்னறையில் கூடினோம். எங்கள் சினிமா ரசிகர் குழு, என்னோடு சேர்த்து எட்டுப் பேர். மனு எழுதிக்கொண்டு போயிருந்தேன்: ‘புதிதாகச் சேர்த்த பதில் காட்சியை உடனே நீக்குக.’ செல்வமேரி டீச்சர் முதல் கையெழுத்து. மற்றவர்களும் போட்டார்கள். எல்லோரும் இந்தப் படத்தை அதே தாம்பரம் தியேட்டரில் பார்த்தவர்கள். பேனா ஜலாலிடம் வந்ததும் நின்றது.

கிராஃபிக்ஸ் கண்றாவி, நிலா வேண்டாம், அதற்கெல்லாம் ஒப்புக்கொண்டார். ஆனால் பதில் காட்சி புதுசு இல்லை என்றார். எண்பத்திரண்டில் முதல் நாளே மனைவி ஹஃபீசாவோடு போய்ப் பார்த்தாராம். அடுத்த நாள் அவருக்கு துபாய்க்கு பிளைட். ‘மழை பெய்யுது’ என்றதும் ஹஃபீசா அழுதாராம்.

நான் விடவில்லை. அவர் பார்த்தது ஒரு தடவை. நான் பதினோரு தடவை. முதல் வாரம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன், சரி. அடுத்த வாரத்திலிருந்து படத்தைத் தூக்கும்வரை நான்தானே அங்கே கிடந்தேன்? மஞ்சள் பையில் டேப் ரெக்கார்டரை ஒளித்து எடுத்துப் போய் முழுப் படத்தையும் பதிவு செய்தவன் நான். கேசட்டைப் போட்டேன். ‘பூமி... கேட்குதா?’ வயலின். பாதியில் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பதில் காட்சி இப்போது எடுத்தது என்றால் அந்தப் பொம்பளை அதில் இளமையாக இருக்கிறாளே, எப்படி என்று ஜலால் கேட்டார். கம்ப்யூட்டரில் இளமையாக்கிவிட்டார்கள் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை. கடை வாசலில் புதுப் படத்தின் போஸ்டர் தொங்குவது அப்போது என் கண்ணில் பட்டது.

‘போஸ்டர் ஒட்டியாச்சு, கேசட் விக்கணும். வியாபாரிக்குப் பொய் சொல்லக் கூச்சமா இருக்குமா’ என்றேன்.

ஜலால் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார். ‘அரி, நான் பொய் சொல்றேன்னு இவங்க எல்லார் முன்னாடியும் சொல்றே. சரி. கெளம்பு’ என்றார்.

சொன்னது சொன்னதுதான். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்?

17 ஜூன்
கையெழுத்துப் போட்ட மனு ஜலால் கடையிலேயே தங்கிவிட்டது. புதிதாக எழுதி நகல் எடுத்து மதுரை, சேலம் ரசிகர்களுக்குத் தபாலில் அனுப்பினேன். சிலிண்டர் வந்தது.

21 ஜூன், ஞாயிறு
பின்னறை பூட்டியிருந்தது. ‘ஞாயிறு விடுமுறை’ என்று அட்டை. ஜலாலின் கையெழுத்து. பன்னிரண்டு வருடத்தில் பெருநாளன்றுகூட அந்தக் கதவைப் பூட்டியதில்லை, பிரியாணியோடு திறந்து வைத்திருப்பார். செல்வமேரி டீச்சரும் நானும் வாசலில் நின்றோம். நான் பேசியது அதிகம் என்று டீச்சர் சொன்னார். நான் பஸ் ஏறினேன்.

24 ஜூன்
மதுரையிலிருந்து கார்டு. ‘அந்தக் காட்சி அன்றைக்கே இருந்ததே ஐயா. கையெழுத்துப் போட இயலாது.’ சேலத்துக்காரரும் அதையே எழுதியிருக்கிறார், கூடவே என் உடல்நலம் விசாரித்து. இவர்களுக்கெல்லாம் என்ன ஞாபகம் இருக்கப்போகிறது!

என் மனைவி தையல்நாயகி கார்டுகளைப் படித்துவிட்டு, ‘ஊருல எல்லாருக்கும் ஞாபக மறதி, உங்களுக்கு மட்டும் இல்ல, அப்படித்தானே?’ என்றாள். பிறகு, அந்தப் படத்தை ஓட்டிய ஆபரேட்டர் உயிரோடுதானே இருக்கிறார், அவரைக் கேட்கவேண்டியதுதானே என்றாள். நல்ல யோசனை. சாட்சியோடு போய் ஜலால் முன்னால் நிற்கிறேன்.

28 ஜூன், ஞாயிறு
எழுதவே கை வரவில்லை.

ஆபரேட்டர் துளசிங்கம் ராஜகீழ்ப்பாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். நல்ல ஞாபகம். கேசட்டைப் போட்டுக் காட்டினேன். வயலின் நின்ற இடத்தில் அவர் முகம் மலர்ந்தது.

‘அது நம்ம வெட்டு சார்’ என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே சொன்னார்: ‘செகண்ட் ஷோ உடும்போது செங்கல்பட்டு கடைசி வண்டி பூடும். கடைசில ஜனம் எழுந்து நின்னுகினு ஸ்கிரீன மறைக்கும், ஒரே பேஜாரு. ஒரு வாரம் பாத்தாரு மொதலாளி, வெட்டுரான்னுட்டாரு. வயலின் வாசிக்கும்போதே வெட்டிட்டேன்.’

மேட்னிக்கு ஏது கடைசி வண்டி என்று கேட்டேன். ஆட்டத்துக்கு ஆட்டம் வெட்டி ஒட்ட முடியுமா, வெட்டினால் எல்லா ஆட்டத்துக்கும் வெட்டுதான் என்றார். படப்பெட்டி திரும்பிப் போகும்போது அந்தத் துண்டை ஒட்டிக் கொடுத்துவிட்டாராம்.

முதல் வாரம் முழுப் படம். ஜலால் பார்த்தது முழுப் படம். நான் பதினோரு தடவை பார்த்தது செங்கல்பட்டு வண்டிக்காக வெட்டிய படம்.

29 ஜூன்
‘நின்றுபோன வயலின்: ஒரு மேதையின் மௌனம்’ என்று எங்கள் குழுவின் கையெழுத்துப் பத்திரிகையில் எட்டுப் பக்கம் எழுதினேனே. எட்டுப் பக்கம்!

1 ஜூலை, புதன்
இரண்டு நாளாக லைப்ரரியைத் தாண்டித் தாண்டிப் போகிறேன். பயமாக இருக்கிறது. படம் கிடக்கட்டும். கூச்சமில்லாமல் பொய் சொல்பவன் என்று எல்லார் முன்னாலும் சொன்னேனே, அதை எந்த முகத்தோடு திரும்ப வாங்குவது? அந்த மனுஷன் இல்லாத ஞாயிற்றுக்கிழமை எனக்கு எதற்கு?

3 ஜூலை, வெள்ளி
போனேன். ஜலால் கேசட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். துளசிங்கம் சொன்னதை அப்படியே சொன்னேன். தப்பு என்னுடையது, மன்னிக்கணும் என்றேன்.

கையிலிருந்த கேசட்டைத் துடைத்து அடுக்கில் வைத்தார். ‘படத்துக்காக எனக்குக் கோவம் இல்ல அரி. நான் பாத்தத பாத்தேன்னுதானே சொன்னேன். அத நீயாவது நம்பியிருக்கலாம்’ என்றார். பிறகு டீ சொன்னார். குடித்தோம். கிளம்பும்போது, ஞாயிறு மேட்னிக்கு வருகிறாயா என்று அவரே கேட்டார்.

5 ஜூலை, ஞாயிறு
போனோம். நாலாவது வாரம், கூட்டம் இல்லை. இரண்டு நிலாவுக்கும் ஆளுக்கு ஒரு வசவு வைத்தோம். ‘பூமி... கேட்குதா?’ வந்தது. இந்தத் தடவை அந்தப் பதிலை ஒழுங்காகக் கேட்கவேண்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். வயலின் எழுந்தது.

பாதியில் நின்றது. லைட் எரிந்தது.

என்னை அறியாமல் நாற்காலிமேல் ஏறிவிட்டேன். ‘பதில் எங்கடா? முழுப் படத்தப் போடுங்கடா!’ என்று ஆபரேட்டர் ரூமைப் பார்த்துக் கத்தினேன். டார்ச் வைத்திருந்தவர் ஓடி வந்து, செகண்ட் ஷோவில செங்கல்பட்டு வண்டிக்கு லேட்டாகுது சார், கடைசி சீன முதல் வாரத்தோட வெட்டியாச்சு என்று விளக்கம் சொன்னார். எனக்கேவா? திரும்பிப் பார்த்தால் ஜலால் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறார்.

12 ஜூலை, ஞாயிறு
நாலு மணி. பின்னறை திறந்திருந்தது. தியேட்டர் முதலாளிக்கு மனு எழுத உட்கார்ந்தோம். பேப்பர் கேட்டேன். ஜலால் மேசை இழுப்பறையிலிருந்து என் பழைய மனுவை எடுத்து, பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது என்று நீட்டினார்.

‘பதில் காட்சியை உடனே சேர்த்திடுக’ என்று எழுதினேன். முதல் கையெழுத்து ஜலால். அதன் கீழே நான்.