தனியாகப் போக வேண்டிய கடை

சேசு மரி சூசை

மொரப்பூர்
14.9.2025

அன்பு மகள் ஜோஸ்வினுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை பிளசி எழுதும் கடிதம். மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகம். ராஞ்சியில் இன்னும் மழை விடவில்லை என்றாயே, நீ இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உன்னைச் சேர்த்துக்கொள்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு மடத்தில் போன் கொடுக்கிறார்கள், அந்த ஐந்து நிமிடத்தில் நாலு நிமிடத்தை உன் அப்பாவே மரவள்ளியைப் பற்றிப் பேசி முடித்துவிடுகிறார், அதனால்தான் கடிதம். எனக்குக் கையெழுத்துப் போடத்தான் வரும், மற்றதெல்லாம் இவள் எழுத்து. சிஸ்டர் ஆவதற்கு முன்னால் உடம்பு இளைக்காதே, சப்பாத்தி பிடிக்கவில்லை என்றாலும் இரண்டாவது சாப்பிடு.

மாதா திருநாள் நல்லபடியாக நடந்தது. தேர் இழுக்கும்போது சிறிது தூறியது, ஜெனரேட்டர் மட்டும் இரண்டு தடவை நின்றது. அப்பாவுக்கு முழங்கால் வலி இருக்கிறது, தைலம் தேய்க்கிறேன், ஆனாலும் காலையில் வயலுக்குப் போகாமல் இருக்க மாட்டார். இனி பிளசியின் சங்கதிக்கு வருகிறேன். பத்தாவதோடு படிப்பை நிறுத்தியதிலிருந்து மூன்று வருடமாக இவள் வீட்டை விட்டுத் தனியாக எங்கும் போகவில்லை என்பது உனக்குத் தெரியும். வீட்டுக்கு யாராவது வந்தால் உள்ளே போய்விடுவாள், கடைக்குப் போனால் வாய் திறக்க மாட்டாள், நான்தான் கேட்டு வாங்க வேண்டும். அப்படிப்பட்டவள் சூன் மாதத்தில் தானாகவே ஒரு வேலை பிடித்தாள். கூடப் படித்த பிரியதர்ஷினி, அதுதான் ராஜாமணி மகள், அவள் சொல்லிக் கொடுத்தது. சென்னையில் இருக்கும் ஒரு கம்பெனிக்காக வாங்க வருகிறவள் மாதிரி ஒரு கடைக்குப் போய், அங்கே எப்படி நடத்துகிறார்கள் என்று பார்த்துப் போனில் எழுதி அனுப்ப வேண்டும். ஒரு கடைக்கு முந்நூறு ரூபாய், வாங்கும் பொருளுக்கு நூறு ரூபாய் வரை தனியாகத் திருப்பித் தருவார்கள், எல்லாம் முப்பது நாள் கழித்து பாங்கில் விழும்.

ஆனால் அதற்கு அவர்கள் கேட்கும் படங்கள் கொஞ்சமில்லை. கடைப் பெயர்ப் பலகையும் இவள் முகமும் சேர்ந்து ஒன்று, உள்ளே ஒன்று, பில்லின் நான்கு மூலையும் தெரிய ஒன்று. பில் படத்தை வாங்கிய பத்து நிமிடத்துக்குள் எடுக்க வேண்டும், படத்தின் அடியில் நாளும் நேரமும் இடமும் தானாக விழ வேண்டும். தனியாகப் போக வேண்டும், மூன்று கேள்வியாவது இவளே கேட்க வேண்டும், கடைக்காரருக்குத் தெரியக் கூடாது. ஒன்று குறைந்தாலும் காசு இல்லை. மூன்று தடவை தள்ளுபடி ஆனால் பெயரையே எடுத்துவிடுவார்களாம்.

வயதுக்கு வந்த பெண்ணைத் தருமபுரிக்குத் தனியாக எப்படி அனுப்புவது என்று நானும் கூடப் போனேன். முதல் கடை ஜவுளிக்கடை. இவள் வாய் திறக்காமல் நின்றாள், நானே மூன்று கேள்வியும் கேட்டேன், ஒரு கைக்குட்டை வாங்கி பில்லை நாலாக மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன். பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பில் எங்கே என்று கேட்டாள். அங்கேயே பிரித்துப் படம் எடுத்தாள், அடியில் பாதி வழியில் இருக்கும் ஏதோ ஓர் ஊரின் பெயர் விழுந்தது. தள்ளுபடி. இரண்டாவது நல்லம்பள்ளியில் ஒரு பேக்கரி. இவள் போனைத் தூக்கவே பயந்துகொண்டு நின்றாள், எனக்குப் பொறுக்கவில்லை, "ஏங்கண்ணா, எம்பொண்ணு உங்க கடைய போட்டோ புடிச்சி கம்பெனிக்கு அனுப்பணுமாம், சித்த நேரா நில்லுங்க" என்றேன். அந்த மனிதர், "இருங்கக்கா, வேற சட்ட போட்டுக்கினு வந்துர்றேன்" என்று உள்ளே போய்த் தலை சீவிக்கொண்டு வந்து பப்ஸ் தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அதுவும் தள்ளுபடி. உன் அப்பா இரண்டு நாள் சிரித்தார், "வேல அவளுக்கா, இல்ல பின்னாலயே போற சூப்பர்வைசருக்கா" என்று கேட்டார். பிளசி சிரிக்கவில்லை. "அடுத்த தடவ நீ வூட்லயே இரும்மா, இல்லன்னா பஸ் ஸ்டாண்ட்லயாச்சும் குந்து" என்றாள். இவள் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை.

மூன்றாவது தருமபுரியில் மிக்சி, கிரைண்டர் விற்கும் கடை. நான் பஸ் ஸ்டாண்டில் உட்காருவதாக மாதா மேல் சத்தியம் செய்தேன். இவள் போனாள், வந்தாள், ஜார் மூடிக்கு ரப்பர் வாங்கி வந்தாள், பில்லை மடிக்காமல் நோட்டுக்குள் வைத்திருந்தாள், ஒன்றும் குறையில்லை. நாலு நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து வந்தது, தனியாகச் செல்லவில்லை, தள்ளுபடி, ஏழு நாளுக்குள் விளக்கம் எழுதாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று. பிளசி என்னைப் பார்த்து, "நீ பஸ் ஸ்டாண்ட்லதான இருந்த" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

இல்லை, ஜோஸ்வின். உனக்குச் சொல்கிறேன். கால் மணி நேரம் உட்கார்ந்தேன், பிறகு முடியவில்லை. அந்தக் கடைக்கு எதிரில் கொய்யா விற்கும் வண்டிக்குப் பின்னால் போய் நின்றேன். கண்ணாடி வழியாகப் பார்த்தால் கடைக்காரப் பையன் மூன்று மிக்சியை இவள் முன்னால் வரிசையாக வைத்திருக்கிறான், இவள் ஒவ்வொன்றாகக் கையை நீட்டி என்னவோ கேட்கிறாள், அவன் தலையைச் சொறிகிறான், இவள் மறுபடியும் கேட்கிறாள். நான் பெற்ற பிள்ளைதானா என்று இருந்தது. கொய்யாக்காரி, "இன்னாக்கா வேணும்" என்று கேட்டதற்கு, பார்க்காமலே ஒரு கொய்யாவைக் கையில் எடுத்துக்கொண்டேன். அப்போது எனக்கு ஒன்று தோன்றியது, இவளுக்கு வாய் இல்லாமல் இல்லை, நான் பக்கத்தில் இருந்தால் இவளுக்குப் பேச இடம் இல்லை. இவள் வெளியே வந்து பலகைக்குக் கீழே நின்று போனைத் தூக்கினாள், நான் குனிந்தேன், அதற்குள் கடைக் கண்ணாடியில் தெரிந்து படத்தில் விழுந்துவிட்டேன் போலிருக்கிறது. முதல் இரண்டு கடைப் படத்திலும் ஓரத்தில் நான் இருந்ததால் கம்பெனிக்காரனுக்கு என் முகம் பழக்கம். பத்து நாளாக இதை இவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உனக்குச் சொல்வதை இவள் எழுதித்தானே ஆக வேண்டும். இப்போதும் நிமிராமல் எழுதிக்கொண்டிருக்கிறாள். விளக்கம் எழுதும் ஏழு நாளும் போய்விட்டது. பிள்ளை தானாகத் தேடிய வேலையை நான் கெடுத்தேன், சத்தியத்தையும் மீறினேன். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன், இவளிடம்தான் பாக்கி இருந்தது.

பங்கு சாமியாரிடம் வாங்கிய உன் ஞானஸ்நான சர்டிபிகேட்டை இத்துடன் வைத்திருக்கிறேன், மறக்காமல் மதரிடம் கொடு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள். எண்ணெய் தேய்த்துக் குளி. தாயும் தகப்பனும் உன் தலையில் கை வைத்து ஆசீர்வதிக்கிறோம், மாதா உன்னைக் கைவிட மாட்டாள்.

உன் அம்மா
ச. வேளாங்கண்ணி

அக்கா, கையெழுத்துப் போட்டுவிட்டு அம்மா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டாள், இது நான் எழுதுவது. தள்ளுபடி என்று வந்த அன்றே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கடைக் கண்ணாடியில் கொய்யா வண்டியும் அதற்குப் பின்னால் அம்மாவின் தலையும் பையும் தெரிந்தன. படத்தில் இருப்பவர் என் அம்மா, எனக்குத் தெரியாமல் வந்துவிட்டார் என்று மறுநாளே கம்பெனிக்கு எழுதினேன். கடைசியாக ஒரு கடை கொடுத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை போகிறேன், அப்பாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றார். எந்த ஊர், எந்தக் கடை என்று அம்மாவிடம் சொல்லவில்லை. நீயும் போனில் கேட்காதே.

பிளசி