மீசை வைத்த முட்டைகள்

28 மார்ச் 1961

இன்றைக்கும் செங்கேணி அத்தை ஆண்டை வீட்டு மாட்டுக்கொட்டகையில் சாணி வாரிவிட்டுத்தான் வந்தாள். கூலிக்கு இல்லை, கோழிக்கு.

பிளாக் ஆபீசில் ஊருக்கு ஒன்று என்று கொடுத்த சேவல் பஞ்சாட்சரம் ஆண்டை வீட்டில் இருக்கிறது. உடம்பெல்லாம் கருப்புக் கோடு, வெள்ளைக் கோடு. ரூல்தடி வைத்து இழுத்த மாதிரி. ஊரில் யார் வேண்டுமானாலும் தங்கள் பெட்டையைக் கொண்டுவந்து சேர்க்கலாம் என்பது பிளாக் சட்டம். ஆண்டை வீட்டு சொக்கம்மாள் அம்மாவுக்குத் தனிச் சட்டம்: "சேவல் வெளிய வராது. பெட்டதான் வரணும். வந்ததுக்கு அந்தக் கொட்டாய ஒரு கை பாத்துட்டுப் போடி."

அத்தை மூன்று வருஷமாக ஒரு கை பார்க்கிறாள். இரண்டு கையாலும்.

அப்பாவுக்குத் தங்கையின் கோழிப் பைத்தியம் பிடிக்காது. "கோயிக்கு இன்னா கோடு? கொயம்புல கோடு தெரியுமா?" என்பார்.

30 மார்ச்

அடை வைத்தாயிற்று. கூடையில் உமி, ஓரத்தில் காய்ந்த மிளகாய், இடிக்குப் பயந்து ஒரு ஆணி. பதினாலு முட்டை. எட்டு, சேலைக்காரி போட்டது. சேலைக்காரி என்றால் செவலை உடம்பில் மங்கலாகக் கோடு ஓடும் பெட்டை. அத்தை மூன்று வருஷம் சேர்த்துச் சேர்த்து உண்டாக்கியது. அந்த எட்டுக்கும் கரியால் ஒரு கோடு. கூடை நிரம்பட்டும் என்று கருப்பி போட்டது ஆறு. அதற்கு இரண்டு கோடு. இரண்டு பெட்டையும் அதே சேவலிடம் போய்வந்தவைதான். ஆனால் ஒரு கோடு வளர்க்க, இரண்டு கோடு ஆடிக் குழம்புக்கு. "கோட்லேர்ந்துதான் கோடு வரும். கரியிலேர்ந்து இன்னா வரும்?" பொரிக்கும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து, ஒரு கோட்டுக் குஞ்சின் காலில் சிவப்பு நூல் கட்டுவாளாம்.

எல்லாம் கிராம சேவக் ஞானதாஸ் சார் சொன்ன சேதியால். (இந்த டைரியும் அவர் கொடுத்ததுதான்.) காந்தி ஜெயந்தி அன்று உத்திரமேரூரில் பிளாக் கண்காட்சி. நிறக்கோழியில் முதல் பரிசு வாங்குகிற வீட்டில்தான் அடுத்த சேவலை விடுவார்களாம்.

"எங்க வூட்லயா சார்? சேரிலயா?"

"எந்த வீடா இருந்தாலும்தாம்மா."

அத்தை இன்னொரு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

பரீட்சையில் நான் வாங்கும் முட்டைகளையும் அடை வைத்தால் தனிப் பண்ணையே நடத்தலாம்.

1 ஏப்ரல்

ஏப்ரல் பூல்! பள்ளிக்கூடத்தில் ஏழு முதுகில் உருளைக்கிழங்கு முத்திரை குத்தினேன். ஒருத்திக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தால் கோழி கூடையை விட்டு இரை பொறுக்கப் போயிருந்தது. கை சும்மா இருக்குமா? பதினாலு முட்டையையும் எச்சில் தொட்டுத் துடைத்து, அதே கரியால் மூஞ்சி வரைந்தேன். ஒன்றுக்கு மணியக்காரர் மீசை. ஒன்றுக்குக் கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடி. அத்தை பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரிக்கப்போகிறாள்.

பிறகு எழுதியது — அத்தை சிரிக்கவில்லை.

2 ஏப்ரல்

ஒவ்வொரு முட்டையாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே நிறம். "சேலைக்காரியுது எதுடி பாஞ்சாலி?" என்று மெதுவாகக் கேட்டாள். "தொடச்சிட்டேன் அத்த" என்றேன். அடித்தது அம்மா. அத்தை அடிக்கவில்லை. மீசையோடே முட்டைகளைக் கூடையில் வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டே இருந்தாள்.

கோடுதானே என்று நினைத்தேனே. அது மூன்று வருஷச் சாணி.

நான் ஏன் இப்படி?

20 ஏப்ரல்

பன்னிரண்டு பொரித்தன. பன்னிரண்டும் கருப்பு, பன்னிரண்டுக்கும் தலையில் ஒரு வெள்ளைப் பொட்டு. எதன் வயிற்றுப் பிள்ளை எது என்று கடவுளே வந்தாலும் தலையைச் சொறிவார்.

"எல்லாத்தையும் வளக்க வேண்டிதுதான். எது இன்னாதுன்னு றெக்க மொளச்சாதான் தெரியும்" என்றாள் அத்தை. அதற்கு ஐந்து மாதம் ஆகும். நமக்கே கேழ்வரகுக் கூழ் தண்ணியாய் ஓடுகிறது, பன்னிரண்டு வாய்க்கு யார் போடுவது என்று அப்பா சத்தம் போட்டார்.

"நான் போடறேன் நைனா" என்றேன். வாய் என் வாய்தான். பேச்சு எங்கிருந்து வந்ததோ!

9 மே

ஓட்டைப் பானையில் காய்ந்த சாணியும் கோணித்துணியும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றோரம் கவிழ்த்துவிட வேண்டும். விடிந்து நிமிர்த்தினால் பானை நிறையக் கரையான். மூன்று பானை வைக்கிறேன். நான் வந்தாலே பன்னிரண்டும் ஓடிவருகின்றன. கூடப் படிக்கிறவர்களிடம் எனக்குக் "கரையான் கலெக்டர்" என்று பேர். வைத்தது நானேதான். அவர்கள் வைக்குமுன் முந்திக்கொண்டேன்.

17 மே

பருந்து. இரண்டு குஞ்சு.

4 ஜூன்

வெள்ளைக் கழிச்சல். கணக்கில் எனக்குக் கழித்தல் வராது என்று வாத்தியார் காதைத் திருகுவார். வந்துவிட்டது சார். பத்தில் ஆறு போனால் நாலு.

அத்தையும் நானும் ஏரிக்கரையில் குழி தோண்டினோம். "போன ஆறுல நல்லது எத்தினியோ" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். என்னைத் திட்டித் தொலைத்தால் என்ன!

30 ஜூலை

ஆடிக் கூழுக்குக் கோழி கேட்டார் அப்பா. மிச்சம் இரண்டு சேவல், இரண்டு பெட்டை. அத்தை ஒரு சேவலைக் கொடுத்தாள். பெட்டைகளைத் தொடக்கூடாது என்று கூடைமேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். நான் குழம்பு சாப்பிடவில்லை. அதன் பேர் மணியக்காரர்.

7 செப்டம்பர்

இரண்டு பெட்டையில் பெரியவளுக்குச் சேலைக்காரி மாதிரியே ரம்பக் கொண்டை. சந்தேகமே இல்லை, அவள் பெண்தான். ஆனால் கோடு கலங்கல். செவலை ஊறி, மழையில் நனைந்த காப்பிநோட்டு மாதிரி. சின்னவளுக்குக் கோடு பளிச்சென்று இருக்கிறது. ஆனால் கொண்டை? தாழ்ந்து நசுங்கி, மூன்று வரிசையாய். அந்தக் கொண்டை எங்கள் வீட்டில் ஒருத்திக்குத்தான் உண்டு. கருப்பிக்கு.

அத்தை சின்னவளை மடியில் வைத்து, முதுகு இறகை ஊதிப் பிரித்துப் பார்த்தாள். கோடு மேலே மட்டும் இருந்தால் போதாது, தோல் வரைக்கும் இறங்க வேண்டும். இறங்கியிருந்தது. ஊதினாள், பார்த்தாள். மறுபடி ஊதினாள்.

"ரெண்டு கோட்டு முட்ட" என்றாள். "கொயம்புக்கு வெச்சது. மத்ததுக்கு நூல் கட்டியிருந்தா இத்த ஆடிலயே அறுத்திருப்பேன்டி."

"அப்போ நான் செஞ்சது நல்லதா அத்த?"

"ஒதப்பேன்" என்றாள். ஏப்ரலுக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தாள்.

1 அக்டோபர்

பூந்திக்கொட்டை நுரையில் சின்னவளுக்குக் குளியல். காலுக்குத் தேங்காய் எண்ணெய். எனக்குக்கூட இந்தச் சீர் நடந்ததில்லை. இடது சிறகில் ஓர் இறகு மட்டும் முழுக்கருப்பு என்று அப்போதுதான் கண்டோம். சுண்ணாம்பில் ஈர்க்குச்சி தொட்டு நாலே நாலு கோடு — கை அரித்தது.

அத்தை பார்க்காமலே சொன்னாள்: "கோட்டு மேல உங்கை ஒரு தபா பட்டது போதும்."

2 அக்டோபர்

உத்திரமேரூர். முப்பது கூண்டுக்குமேல். எங்கள் பக்கத்துக் கூண்டு சொக்கம்மாள் அம்மாவுடையது. அவரும் எங்கள் கூண்டைப் பார்த்தார், பார்க்காததுபோல்.

சோதிக்க வந்தவர் ஈரக் கைக்குட்டையால் சின்னவள் முதுகைத் தேய்த்தார். சாயம் எதுவும் வரவில்லை. சிறகை விரித்துக் கருப்பு இறகைப் பார்த்தார். "தாய் எது?" என்றார்.

அத்தை என்னைப் பார்த்தாள். முட்டைக்கு மீசை வரைந்ததை, அத்தனை பேர் நடுவில், தலையைக் குனிந்துகொண்டு நானே சொன்னேன். கொண்டையை வைத்துத்தான் கருப்பி என்று கண்டோம் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, எழுதிக்கொண்டார்.

பிறகு ஒலிபெருக்கியில், "நிறக்கோழி முதல் பரிசு, செங்கேணி, மானாம்பதி" என்றார்கள். அத்தை நகரவில்லை. வேறு செங்கேணி யாராவது இருப்பார்கள் என்று திரும்பிப் பார்த்தாள்.

12 நவம்பர்

ஆண்டை வீட்டுப் பழைய சேவலை பிளாக்கில் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்; எங்கள் வீட்டுக்குப் புதுச் சேவல் வந்து ஒன்பது நாள். விடிகாலையில் அது கூவினால் சேரியே எழுகிறது. அப்பா அதற்குத் தனியாகக் கேழ்வரகு எடுத்து வைக்கிறார், எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு.

இன்று சொக்கம்மாள் அம்மா இடுப்பில் ஒரு பெட்டையோடு சேரி முனைப் புளியமரம் வரை வந்து நின்றார். "செங்கேணி, அந்தச் சேவல சித்த இங்க எடுத்தா" என்றார்.

எனக்கு நாக்கு நமநமத்தது. கொட்டகை இல்லாவிட்டால் என்ன, எங்கள் வாசலையாவது பெருக்கச் சொல்லலாமே. அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"சேவல் வெளிய வராதும்மா. பெட்டதான் வரணும்" என்றாள்.

பிறகு அந்த அம்மா செருப்பைக் கையால் சரிசெய்துகொண்டு, எங்கள் தெருவுக்குள் நடந்து வந்தார்.

அத்தை பெட்டையை வாங்கிக் கூடையில் விட்டாள். "சாய்ந்தரம் வந்து எடுத்துக்குங்க" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.