ஓர்சேயா கதவைத் திறந்தது யாருக்காக

பிப்ரவரி 16, திங்கள்

ஏஜென்சி அலுவலகத்தில் மாடிப்படிவரை அட்டைப்பெட்டிகள். காதலர் தினத்துக்கு ரசிகர்கள் அனுப்பிய சாக்லேட். எங்களுக்கு இல்லை, நாங்கள் குரல் கொடுக்கும் பாத்திரங்களுக்கு. 'பனிக்கோட்டை' வீடியோ விளையாட்டின் நாயகன் தில்லோ பதினாறு வயதுப் பையன். நாற்பத்துநாலு வயதில் அவனுடைய குரல் நான். தில்லோவுக்கு ஒன்பது பெட்டி வந்திருக்கிறது. அவன் நம்பியிருந்த கோட்டைக்குத் துரோகம் செய்த ஓர்சேயாவுக்கு நானூற்றுப் பதினொன்று.

எண்ணியது நான்தான். யாரும் எண்ணச் சொல்லவில்லை.

ஓர்சேயாவின் குரல் ரிட்சுகோ. பயிற்சிப் பள்ளியில் இருவரும் ஒரே நாளில் சேர்ந்தோம், இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு இரண்டாம் வருஷமே நாயகன் வேஷம் வந்தது. அவள் 'கிராமத்துப் பெண் மூன்று', 'கதவுக்குப் பின்னால் இருமும் கிழவி' என்றே காலத்தை ஓட்டினாள். இன்னும் அதிகாலையில் பெந்தோ கடையில் சோற்று டப்பா நிரப்பிவிட்டுத்தான் ஒலிப்பதிவுக்கு வருகிறாள். அவளுக்காக நான் எவ்வளவோ வருத்தப்பட்டிருக்கிறேன். வருத்தப்படுவது சுலபமாகத்தான் இருந்தது.

"எடுத்துக்கோடி சாச்சி. இத்தனையும் நான் ஒருத்தியே தின்னா பல்லு டாக்டருக்குத்தான் கொண்டாட்டம்" என்று ஒரு பை நிறைய என் கையில் திணித்தாள்.

பிப்ரவரி 17

அவள் கொடுத்த பை காலி. நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எரிச்சல்.

மார்ச் 4, புதன்

என் வீட்டுக்காரர் கென்சாகுவுக்கு இன்று பஸ் ஓட்டும் முறை இல்லை. நாள் முழுக்கப் பனிக்கோட்டைதான். இரவுச் சாப்பாட்டில் ஆரம்பித்தார்.

"நாப்பது நாள் முற்றுகை. ஜனங்க எலியப் புடிச்சுத் திங்குது. ராஜா மட்டும் உள்ள ஆட்டுக்கறி சூப்பு குடிக்கிறான். எதிரி சொல்றான், கதவத் தொறந்தா குழந்தைங்களத் தொட மாட்டேன்னு. முந்நூறு குழந்தைங்க. தொறக்காம என்ன பண்ணுவா அவ?"

"மறுநாள் காலையில எதிரி போட்ட ஆளுநர் நாற்காலியில போய் உக்காந்தாளே. அதுவும் குழந்தைங்களுக்காகவா?"

"யாராவது உக்காரணும்ல? இவ உக்காரலைன்னா அந்தக் கசாப்புக்காரத் தளபதி உக்காந்திருப்பான்."

"அப்போ தில்லோ தப்பா?"

"தில்லோ நல்ல பையன்தான். ஆனா சும்மா கத்திக்கிட்டே இருக்கான்."

கத்துவது நான். பத்து வருஷம் ஒரு கூரையின் கீழ் வாழ்ந்த மனுஷன், சொந்த வீட்டிலேயே எதிர்க்கட்சி. மிசோ சூப்பை இன்னொரு முறை சுடவைத்துக் கேட்டார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

மார்ச் 20, வெள்ளி

பனிக்கோட்டை ரசிகர் வாக்கெடுப்பு முடிவு வந்தது. முதலிடம் ஓர்சேயா. எதிர்பார்த்ததுதான்.

தில்லோ ஏழாமிடம். ஐந்தாமிடத்தில் அவன் சாமான் ஏற்றிப்போகும் கோவேறு கழுதை. அந்தக் கழுதைக்குக் கனைத்ததும் நான்தான், ஆள் குறைவாக இருந்த ஒரு நாளில், கால் மணி நேரத்தில். ஆறு வருஷம் உயிரைக் கொடுத்துப் பேசிய பையனை, கால் மணி நேரக் கழுதை முந்திவிட்டது. ரிட்சுகோ போனில் சிரித்துச் சிரித்து இருமினாள். "பாருடி, ரெண்டு இடம் உனக்குத்தான்" என்றாள். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு துணி மடித்தேன், மடித்ததையே மறுபடி மடித்தேன்.

எல்லாம் அந்த ஒரு காட்சியால் வந்தது. கோட்டைக் கதவு திறந்து கிடக்கிறது, தில்லோ "ஏன்?" என்று அலறுகிறான், ஓர்சேயா சிரிக்க வேண்டும். வசனத் தாளில் சிரிப்பு என்றுதான் இருந்தது. எங்கள் வேலையில் ஒவ்வொருவரும் தனியாகத்தான் பதிவு செய்வோம். என் அலறல் முதலில் பதிவானது, இரண்டு நாள் கழித்து அவள் அதைக் காதில் மாட்டிக்கொண்டு பேசினாள். சிரிக்கவில்லை. ஒரு மூச்சு விட்டாள், அவ்வளவுதான். "தூங்கு, தில்லோ. இனிமே யாரும் வர மாட்டாங்க" என்றாள். அந்த ஒரு மூச்சை வைத்துக்கொண்டு ஊரே இரண்டு கட்சியாகச் சண்டை போடுகிறது, அவள் நல்லவளா கெட்டவளா என்று. என் அலறலைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை. என் அலறல் இல்லாமல் அவளுக்கு அந்த மூச்சு வந்திருக்குமா?

ஏப்ரல் 8, புதன்

இயக்குநர் மினேகிஷி காப்பிக் கடைக்கு வரச்சொன்னார். பனிக்கோட்டையின் அடுத்த பாகத்துக்கு இரண்டு முடிவு எழுதி வைத்திருக்கிறார். ஒன்றில் தில்லோ ஓர்சேயாவைக் கொல்கிறான். இன்னொன்றில் மன்னிக்கிறான். மன்னித்தால் மூன்றாம் பாகம் முழுக்க ஓர்சேயாவின் கதை.

"ஆறு வருஷமா அவனுக்குள்ள இருக்கீங்க குவபாரா. தில்லோ என்ன செய்வான்? நீங்க சொல்லுங்க. ரிட்சுகோகிட்ட இதப் பத்திப் பேச வேணாம்."

போன வாரம்தான் ரிட்சுகோ சொன்னாள்: "அடுத்தடுத்த பாகத்துலயும் ஓர்சேயா வரட்டும், மே மாசம் கடைக்கு முழுக்குப் போட்டுடுவேன். பத்தொன்பது வருஷமா நாலு மணிக்கு எந்திரிக்கிறேன்டி. ஒரு நாளாவது வெளிச்சம் வந்தப்புறம் கண்ணத் தொறக்கணும்."

அது எனக்கு நினைவில் இருந்தது. நன்றாகவே இருந்தது.

"கொல்லுவான் சார்" என்றேன். "நாற்காலியில உக்காந்தவள மன்னிச்சா, செத்தவங்களுக்கு யார் பதில் சொல்றது?"

அவர் குறித்துக்கொண்டார். எலுமிச்சைக் கேக் வாங்கித் தந்தார். முழுதும் சாப்பிட்டேன்.

ஏப்ரல் 9

சொன்னது தப்பில்லை. கதைக்கு அதுதான் நியாயம். யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

ஏப்ரல் 10

யாரைக் கேட்டேன்? கென்சாகுவிடம்கூடக் கேட்கவில்லை.

மூன்றாம் பாகத்தின் அட்டையில் அவள் முகம் இருந்திருக்கும். நான் எங்கே இருந்திருப்பேன்? கழுதையாக. — இல்லை, கதைக்காகத்தான் சொன்னேன். அது நிஜம். கேக் தின்னும்போது மனசு குளிர்ந்ததே, அதுவும் நிஜம். எதை நிஜம்னு வச்சுக்கறது.

மே 12, செவ்வாய்

ரிட்சுகோ வீட்டுக்கு வந்தாள். கடையில் மிஞ்சிய உருளைக்கிழங்கு கட்லெட் ஆறு கொண்டுவந்தாள். உட்கார்ந்தவுடன் சொன்னாள்.

"என் பொம்பளை சாவறாடி. வசனத் தாள் வந்துடுச்சு. நீதான் கொல்றே."

"அய்யோ" என்றேன். நடிப்பு எனக்குத் தொழில்.

"என்ன அய்யோ. நல்லாக் கொல்லு. அரைகுறையா குத்தி என்னைக் கெடத்திடாதே."

"கடை?"

"ஜூன் மாச முறையும் எழுதிக் குடுத்துட்டேன். முதலாளியம்மாவுக்கு ஒரே சந்தோஷம், என்னை மாதிரி வேகமா முட்டை சுருட்ட ஆள் கிடைக்கலையாம்."

அழவில்லை. கட்லெட்டுக்குச் சாஸ் அதிகம் கேட்டாள். இவ்வளவு அமைதியாக இருக்கிறாளே, வேஷமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். அவள் போன பிறகு கென்சாகு, "பாவம், நல்ல பொம்பள" என்றார். ஆமாம் என்றேன். நல்லவள் என்று ஊரெல்லாம் சொல்வது போதாதா, என் வீட்டிலும் சொல்ல வேண்டுமா?

ஜூன் 23, செவ்வாய்

கொலைக் காட்சி பதிவு. இந்த முறை அவள் முதலில் முடித்துவிட்டாள், நான் அவள் குரலைக் கேட்டுக்கொண்டு பேச வேண்டும். கண்ணாடி அறைக்குள் தனியாக நின்றேன். வசனத் தாளில் ஓர்சேயாவின் கடைசி வரி ஒரே சொல்: "முடிச்சிடு." காதில் வந்தது வேறு.

"கை நடுங்குது பாரு. ரெண்டு கையாலயும் பிடி, தம்பி."

என் கை நிஜமாகவே நடுங்கியது, தாள் சத்தம் போட்டது. பதினாலு முறை எடுத்தார்கள். பதினைந்தாவதில், சத்தமே இல்லாமல் அழுததை வைத்துக்கொண்டார்கள். மினேகிஷி ஒலிவாங்கியில், "இதுதான், இதுதான்" என்றார். யாருக்குச் சொன்னார்? எனக்கா, அவளுக்கா?

சாகிறபோதும் காட்சியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். கொல்லச் சொன்னேன், கொன்றும் விட்டேன், இன்னும் அவள்தான் முன்னால் நிற்கிறாள்.

அக்டோபர் 6

விளையாட்டு வெளியாகி ஐந்து நாள். ஓர்சேயாவுக்கு ஈமச்சடங்கு நடத்தச் சொல்லி எண்ணாயிரம் பேர் கையெழுத்து. கம்பெனி மண்டபம் பிடித்துவிட்டது. துறவி ஒருவர் வந்து சூத்திரம் ஓதுவாராம். இரங்கலுரையை, கொன்ற தில்லோவின் குரலிலேயே நான் வாசிக்க வேண்டுமாம்.

செத்தும் கெடுத்தாள்.

நவம்பர் 5

இரங்கலுரை எழுத உட்கார்ந்தேன். 'குழந்தைகளுக்காகத் திறந்தாய்' என்று எழுதினால் தில்லோ கொலைகாரன். 'நாற்காலிக்காகத் திறந்தாய்' என்று எழுதினால் மண்டபத்துக்கு வரும் அறுநூறு பேர் என்னை அடிப்பார்கள். நாலு தாள் கிழித்தேன்.

திறக்கும்போது அவளுக்கே தெரிந்திருக்குமா? தாழ்ப்பாளில் வைத்தது ஒரு கைதானே. பாதிக் கை குழந்தைகளுக்கு, பாதிக் கை நாற்காலிக்கு என்று பிரித்தா வைத்திருப்பாள்?

நவம்பர் 8, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

மண்டபம் முழுக்கக் கறுப்பு உடை. நடுவில் ஓர்சேயாவின் படம், வெள்ளைச் செவ்வந்தி மலை. சூத்திரம் ஓதும்போது பின்வரிசையில் ஒரு பெரிய மனிதர் தேம்பித் தேம்பி அழுதார். அது முடிந்து என் முறை வருமுன் ஒப்பனை அறையில் ரிட்சுகோ என் கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"இப்ப சொல்லலாம்னு மினேகிஷி சார் சொல்லிட்டாரு. ஏப்ரல்ல என்னைக் கூப்பிட்டுக் கேட்டாருடி, ஓர்சேயா சாகணுமா, மன்னிப்பு வாங்கணுமான்னு. உங்கிட்டப் பேசக் கூடாதுன்னுட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"சாகணும்னேன். எதுக்காகத் தொறந்திருந்தாலும், தொறந்ததுக்கு விலை உண்டுல்ல? மன்னிப்பு வாங்கிட்டு அடுத்த பாகத்துல குதிரை ஏறி வந்தா அவ வேற பொம்பள. கடைய விடணும்னு எனக்கு ஆசைதான். அதுக்காக அவளைப் பொய்யாக்க முடியுமா?" சிரித்தாள். "உன்னையும் கேட்டாராமே. நீயும் அதையேதான் சொன்னியாம். அதான்டி சாச்சி. நம்ம ரெண்டு பேருக்கும்தான் அவளைத் தெரியும்."

கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவளிடம் பொரித்த எண்ணெய் வாசனை. காலையில் கடைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாள்.

ஒரே கேள்வி, ஒரே பதில். அவள் சொன்னது அவளுக்கே நஷ்டம் என்று தெரிந்து. நான் சொன்னதும் அவளுக்கு நஷ்டம் என்று தெரிந்துதான். இதிலும் என்னை முந்திவிட்டாள். பாவி, இதிலுமா?

மேடை ஏறினேன். எழுதி வைத்திருந்ததை வாசிக்கவில்லை. "அக்கா, நீ கதவைத் தொறந்தது எங்களுக்காகவா, உனக்காகவான்னு எனக்கு இப்பவும் தெரியல. தெரியாமலேதான் உன்னைக் கொன்னேன். தெரிஞ்சுக்கிட்டுக் கொன்னதா எல்லார்கிட்டயும் சொன்னேன். அதுக்கு மட்டும் மன்னிச்சிடு" என்றேன், தில்லோவின் குரலில். மண்டபமே அழுதது. முன்வரிசையில் ரிட்சுகோவும்.

நவம்பர் 14

எங்கே பார்த்தாலும் என் இரங்கலுரைதான். தில்லோவுக்குக் கடிதம் வந்து குவிகிறது. ஆறு வருஷமாகக் காத்திருந்தது வந்துவிட்டது. இரண்டு கடிதம் படித்தேன், மற்றதைப் பிரிக்கவில்லை. 'எவ்வளவு நேர்மையான மனசு' என்று இரண்டிலும் இருந்தது.

நவம்பர் 19, வியாழன்

காலையில் பெந்தோ கடைக்குப் போனேன். கூட்டம் குறையும்வரை நின்றுவிட்டு, கண்ணாடி அலமாரிக்கு இந்தப் பக்கமிருந்து சொன்னேன்.

"ரிட்சுகோ, நான் கதைக்காகச் சொல்லல. உனக்கு வேலை போகட்டும்னு சொன்னேன். கடைய விடப்போறேன்னு நீ சொன்னது ஞாபகம் இருந்துச்சு. ஞாபகம் வச்சுக்கிட்டுத்தான் சொன்னேன்."

அவள் சோற்றை டப்பாவில் அழுத்திக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. எள் தூவினாள், மூடினாள், ரப்பர் போட்டாள்.

"அன்னைக்குக் கட்டிப்புடிச்சப்பவே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். பிறகு, "பின்னால ஆள் நிக்குது."

நகர்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் கென்சாகுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார்: "இத அவகிட்டச் சொன்னது அவளுக்காகவா, உன் மனசு ஆறட்டும்னா?"

ஓர்சேயாவுக்கு வக்காலத்து வாங்கும் மனுஷன் எனக்கு வாங்கவில்லை.

நவம்பர் 30

போன் வரவில்லை. நான் செய்தால் மணி அடிக்கிறது, அடித்து நிற்கிறது.

டிசம்பர் 15, செவ்வாய்

வேறொரு கம்பெனியின் விளையாட்டுக்குப் பதிவு. காத்திருக்கும் அறையில் நுழைந்தால் ரிட்சுகோ. அவளுக்கும் அதில் வேஷம் இருப்பது எனக்குத் தெரியாது. எழுந்து நின்றாள், இடுப்பு மடங்கக் குனிந்தாள். "குவபாரா அவர்களே, இன்னைக்கு உங்களோட வேலை செய்யறதுல மகிழ்ச்சி" என்றாள். சாச்சி இல்லை, குடும்பப் பெயர். கோபம் துளியும் இல்லை. வாடிக்கையாளருக்குச் சொல்கிற மாதிரி, சுத்தமாக, மரியாதையாக. நானும் குனிந்தேன். எவ்வளவு நேரம் குனிந்திருப்பது என்று தெரியவில்லை.

அவள் பக்கத்தில் வேறு ஏஜென்சிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள், நாற்பது வயதிருக்கும், மூக்கு கொஞ்சம் கோணல், பெயர் தெரியாது. ரிட்சுகோ காகிதப் பையைப் பிரித்து ஒரு கட்லெட்டை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

"சூடு ஆறுறதுக்குள்ள தின்னுடி. சாஸ்தான் கம்மி, நாளைக்கு ஜாஸ்தி கொண்டாறேன்" என்றாள்.

அந்தப் பெண் பாதியைப் பிட்டுவிட்டு, மீதியை ரிட்சுகோவின் வாய்க்கருகே நீட்டினாள். நான் எதிரே உட்கார்ந்து வசனத் தாளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய சாக்லேட்டுக்கோ முதலிடத்துக்கோ மூன்றாம் பாகத்துக்கோ இவ்வளவு எரிந்ததில்லை.