எதிர்வீட்டுக்குக் கேட்ட ஷெனாய்

செவ்வாய், இரவு.

ரெக்கார்டிங் வேலையை இன்றோடு விட்டுவிட்டேன். சினிமாவில் யாராவது செத்தால்தான் ஷெனாய்க்காரனைக் கூப்பிடுவார்கள். இத்தனை வருடமும் அப்படித்தான் பிழைத்தேன். இன்று தி.நகர் ஸ்டூடியோவில் புது மியூசிக் டைரக்டர், "பாய், ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியா வாசிச்சுக் குடுத்துடுங்க. கம்ப்யூட்டர்ல வெச்சுக்கறோம். இனிமே நீங்க அலைய வேணாம்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். அதுதான் இன்னும் எரிகிறது. ஒரு ஸ்வரமும் வாசிக்காமல் ஷெனாயைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

விஷயத்தைக் கேட்டதும் ஜமீலா டீ கொடுத்துவிட்டு, "வூட்ல ஒருநாளும் ஊதினதில்லையே, இப்ப ஊதுங்க" என்றாள். அக்கம்பக்கம் பயந்துவிடும் என்று, நிக்காஹ் ஆன நாளிலிருந்து தடுத்தவளே அவள்தான். சந்தோஷமாக இருக்கட்டும் என்று கல்யாணப் பாட்டு ஒன்றை எடுத்தேன்.

பாதியில் எதிர்வீட்டு ஸ்டெல்லா கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள். "இன்னா பாய், யாரு பூட்டாங்க?"

"யாரும் போகலம்மா. நான்தான் சினிமா வேலைய விட்டுட்டேன்."

கரண்டியைக் கீழே வைத்தாள். பிறகு படியில் உட்கார்ந்துவிட்டாள். "அப்ப முழுசா ஊது பாய். கேட்டுட்டுப் போறேன்."

முழுசாக ஊதினேன். கல்யாணப் பாட்டுதான். இருந்தும் அழுதாள்.