மாடிக்காரி சாப்பிடவில்லை

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. எல்லாரும் நலம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன் மாடிக்காரி சாப்பிடமாட்டேன் என்கிறாள். குடியை விடுவதற்கு நீ அந்த மறுவாழ்வு மையத்தில் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து, பதினான்கு நாளாகப் பட்டினி. கண்ணாடிப் பெட்டியின் உச்சியில், மரப்பட்டைக்குப் பின்னால் வலையைக் கட்டிக்கொண்டு, வாடகை கேட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்க்கிறாள். ஊரில் எல்லாரும் நாய் வளர்க்கிறார்கள், பூனை வளர்க்கிறார்கள். நீ மரத்தில் வாழும் டரான்டுலா சிலந்தியை வளர்த்து, அதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாய்.

நான் விடுவேனா? ஆஸ்பத்திரி வார்டில் பதினாறு வருஷமாக நோயாளிகளுக்கு ஊட்டிவிடுகிறவள். தட்டு அப்படியே திரும்பிப் போனால் எனக்கு வேலை ஓடாது. மூன்று சுவர்க்கோழிப் பூச்சிகளை உயிரோடு உள்ளே விட்டிருக்கிறேன். "அது சிலந்தியா, உன் பேஷண்டா?" என்று உன் மாமா கிண்டல் செய்கிறார்.

அங்கே போன் தரமாட்டார்களே, அதனால்தான் கடிதம். என்ன செய்யட்டும், சொல். நீ சாப்பிடுகிறாயா? இந்தத் தடவையாவது தொண்ணூறு நாளையும் முடித்துவிட்டு வா, கண்ணு.

உன் அக்கா

மார்ச் 7

அன்புள்ள அக்கா,

முதலில் அந்தப் பூச்சிகளை வெளியே எடு. மாடிக்காரி தோல் உரிக்கப் போகிறாள், அதனால்தான் சாப்பிடவில்லை. உரிக்கிற சமயத்தில் உடம்பு பஞ்சாக இருக்கும், அசையக்கூட முடியாது. பக்கத்தில் உயிருள்ள பூச்சி இருந்தால் அது இவளைத் தின்றுவிடும். தண்ணீர் மட்டும் வை. மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும் இவளுக்கு ஒன்றும் ஆகாது. இதைச் சொல்லாமல் வந்தது என் தப்பு.

என்னால் முடியவில்லை, அக்கா. கரண்டியைப் பிடித்தால் கை நடுங்கிப் பாதி கீழே சிந்துகிறது. பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் முன்பு பஸ் டிரைவர். "ரெண்டு வாயாவது சாப்பிடுப்பா, உன்னப் பாத்தா எனக்கே பயமா இருக்கு" என்கிறார். சாப்பாடு இறங்கமாட்டேன் என்கிறது. இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு வந்து, கையெழுத்துப் போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு போ. உன் கையால் நாலு நாள் சாப்பிட்டால் சரியாகிவிடும். குடிக்கமாட்டேன். சத்தியம்.

தம்பி

மார்ச் 20

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் மைய ஆபீஸில் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்து அனுப்புவதற்குப் பன்னிரண்டு நாள் ஆக்கிவிட்டார்கள். நேற்றுதான் வந்தது. மாடிக்காரி மூன்று நாளைக்கு முன்பே போய்விட்டாள்.

பழைய தோல் பாதி கழன்றபடி கிடந்தாள். வயிற்றில் கடித்த காயம். ஒரு பூச்சி அவள் மேலேயே உட்கார்ந்திருந்தது. ஒன்று செத்தால் இன்னொன்று என்று நான்தான் போட்டுக்கொண்டே இருந்தேன். நான்தான் அவளைக் கொன்றேன், தம்பி.

"இதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிடலாம், அவனுக்குத் தெரியவா போகுது?" என்றார் உன் மாமா. நானும் ஒரு நாள் முழுக்க யோசித்தேன். உனக்குக் காய்ச்சல், வயிற்றுவலி என்று உன் வேலை இடத்துச் சூப்பர்வைசரிடம் எத்தனை பொய் சொல்லியிருக்கிறேன்! இனி உன்னிடமும் சொல்லத் தெம்பு இல்லை. அலுத்துவிட்டது.

முதல் தடவை பதினோராம் நாள், அடுத்த தடவை இருபதாம் நாள். நீ சாப்பிடவில்லை என்று தெரிந்ததும் ஓடிவந்து கையெழுத்துப் போட்டவள் நான். இரண்டு தடவையும் அந்த வாரமே குடித்தாய். இந்தத் தடவை கையெழுத்துப் போட வரமாட்டேன். திட்டுவதானால் திட்டிக்கொள்.

அக்கா

ஏப்ரல் 4

அன்புள்ள அக்கா,

மாடிக்காரியை நினைத்து இரண்டு நாள் அழுதேன். உன்மேல் கோபத்தில் ஒரு கடிதம் எழுதி, கிழித்தும் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "வரமாட்டேன்னுதான் எழுதுவா, ஆனா வந்துடுவா. எங்க அக்காவ எனக்குத் தெரியும்" என்று டிரைவர் அண்ணனிடம் சொன்னேன். பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்தார்கள். அவர் என் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன்.

இன்னும் நாற்பத்துமூன்று நாள் இருக்கிறது. அதுவரை எந்த ஞாயிறும் வந்துவிடாதே, அக்கா. உன்னைப் பார்த்தால் நான் கிளம்பிவிடுவேன்.

தம்பி