டைமை யார் வைப்பது

செவ்வாய், இரவு.

மனசு ஒப்பவில்லை. இன்று தண்டையார்பேட்டை கன்டெய்னர் யார்டில் புது சர்வருக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் போட்டேன். லாரிகள் வருகிற, போகிற நேரமெல்லாம் இனி அதில்தான் பதிவாகும்; தாமதக் கட்டணம் போடுவதும் அதை வைத்துத்தான். மொழி, பாஸ்வேர்டு என்று திரை கேட்ட எதையும் யார்டு மேனேஜர் கண்டுகொள்ளவில்லை. நேரத்துக்கான பக்கம் வந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். இன்டர்நெட்டைப் பார்த்துத் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளட்டுமா என்று திரை கேட்டது.

"அத்த ஆஃப் பண்ணிடு நைனா. டைம நாங்களே வெச்சிக்கறோம்."

"எதுக்கு சார்?"

"நீ இன்னாத்துக்கு பேஜாராவற? சொன்னத செய்."

செய்துவிட்டேன். நாளைக்கு ஏதாவது என்றால், போட்டவன் நான்தானே?

கிளம்பும்போது கேட் பாஸ் எழுத வந்த வாட்ச்மேன் பேனாவைத் திறந்துகொண்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா டைம் போடட்டும் சார்?"

அவர் கையில் கட்டியிருந்த வாட்ச் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.