மூடிய கூடை ஏலம்

அன்பு மகள் லிடியாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவில் இங்கே நான், அம்மா, உன் தங்கை ஆன்சி மூவரும் நலம், என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கனடாக் குளிரில் நீயும் நலமாக இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் பேசினால் நான் கேலி பேசியே பொழுதை ஓட்டிவிடுகிறேன் என்று அம்மா திட்டுகிறாள், அதனால் காகிதத்தில் எழுதுகிறேன், ஆன்சி படம் பிடித்து அனுப்புவாள். இரண்டு வாரத்துக்கு முன் நீ கேட்டதற்கு நான் மழுப்பியது எனக்கே தெரியும் சாமி. உங்கள் சண்டை விளையாட்டில் இதுவரை உடை வரைந்த உன்னை இனிமேல் பெட்டி வரையச் சொல்கிறார்கள், காசு கொடுத்துத் திறந்தால் உள்ளே எதிரியை ஒரே அடியில் சாய்க்கிற குத்து இருக்கலாம், ஒன்றுக்கும் ஆகாத குப்பையும் இருக்கலாம், அந்தப் பிரிவுக்கே உன்னைத் தலைவியாக்குகிறார்கள், மாட்டேன் என்றால் வேலை நிலைப்பது சந்தேகம், மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும், நான் என்னப்பா செய்யட்டும் என்று கேட்டாய். அதற்கு நான், அங்கே பனி பெய்கிறதா என்று கேட்டேன்.

உன் வேலையைப் பற்றி நான் இங்கே பரப்பிய பெருமை வேறு பக்கம் போய்விட்டது. சண்டைக்காரர்கள் போட்டுக்கொள்ளும் உடைக்கு அந்தத் தொழிலில் ஸ்கின் என்று பெயர் என்று நீ சொன்னாய் அல்லவா, அதை வைத்து என் மகள் ஸ்கின் வேலையில் இருக்கிறாள் என்று நாலு பேரிடம் சொல்லிவைத்தேன். எதிர்வீட்டு மாரக்காள் முழங்கையை நீட்டிக்கொண்டு வந்து, ஏனுங்க, பாப்பாகிட்டச் சொல்லி இந்தப் படைக்கு ஒரு களிம்பு வாங்கித் தாங்க, சித்திரையில இருந்து அரிக்குதுங்க என்றார். தோல் டாக்டர் இல்லைங்க, செல்போன் பொம்மைக்குத் துணி உடுத்துகிற வேலைங்க என்றேன். அதுக்கா அம்புட்டுத் தூரம் போச்சு புள்ள என்று கேட்டுவிட்டு முழங்கையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

கல்யாணம் காட்சி இல்லாத மத்தியானங்களில் நம் மைக் செட் கடையில் சீரியல் பல்புச் சரங்களைச் சோதிக்க எரியவிட்டுவிட்டு, அந்தப் பச்சை சிவப்பு வெளிச்சத்தில் உட்கார்ந்து உன் விளையாட்டைத்தான் ஆடுகிறேன். ஆடுகிறேன் என்பது பெரிய வார்த்தை, அடி வாங்குகிறேன். நீ வரைந்த மாம்பழ மஞ்சள் முந்தானைக்காரியைத் தேர்ந்தெடுத்து நிறுத்திவிட்டு, அவள் மூச்சு விடுவதையும், எங்கிருந்தோ வரும் காற்றில் அந்த முந்தானை எழுந்து எழுந்து இறங்குவதையும் பார்த்துக்கொண்டே இருப்பேன், அதற்குள் எவனாவது வந்து உதைத்துத் தள்ளிவிடுவான். அந்த ஏரிக்கரைக் களம் இருக்கிறதே, அங்கே சூரியன் தண்ணீரில் விழுந்துகொண்டே இருக்கிறது, விழுந்து முடிவதில்லை. ஒருநாள் எதிரே வந்த ஆள் நான் கையே தூக்காததைப் பார்த்துத் தானும் நின்றுவிட்டான். எந்த தேசமோ, ஆணோ பெண்ணோ, அங்கே பகலோ இரவோ, ஒன்றும் தெரியாது. நேரம் முடியும்வரை இரண்டு பேரும் அந்தத் தண்ணீரைப் பார்த்தபடி நின்றோம். வெளியே தலை தூக்கிப் பார்த்தால் மேகம் இறங்கி ஏற்காட்டு மலையே கரைந்து போயிருந்தது, தெருவில் பஸ் சத்தம்கூடத் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் இருந்தது, நான் சேலத்தில் இருக்கிறேனா அந்தக் கரையில் இருக்கிறேனா என்று கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. வெற்றி தோல்வி இல்லை என்று திரையில் எழுத்து வந்தது. என் ஆயுசில் நான் தோற்காத ஒரே சண்டை அதுதான், அம்மாவோடு போட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

சும்மா கொடுக்கும் விளையாட்டில் உனக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று ஆரம்பத்தில் எனக்கு விளங்கவே இல்லை. பிறகு பார்த்தால் நம் பங்குத் திருவிழாவும் அதே சங்கதிதான் கண்ணு. தேர் பார்க்கக் காசில்லை, பந்தியில் உட்காரக் காசில்லை, ஆயிரம் பேர் சும்மா வந்து சாப்பிட்டுப் போகிறார்கள். ஆனால் போர் போடும் ரிக் வண்டி சகாயராஜ் இருக்கிறாரே, காணிக்கை ஏலத்தில் வேகாத கிழட்டுக் கோழியை வருஷாவருஷம் யானை விலைக்கு எடுப்பவர், அவர் அந்த ஆயிரம் பேர் பார்க்கத்தான் கை தூக்குகிறார். கூட்டம் இல்லாவிட்டால் கோழி வெறும் கோழி. சும்மா ஆடுகிறவர்களும் உங்களுக்கு அப்படித்தான் வேண்டியிருக்கிறார்கள், காசு கொடுத்து உடை வாங்கியவனைப் பார்க்க ஊர் வேண்டுமே. உங்கள் கடையில் நேராக ரூபாய் கேட்பதில்லை, முதலில் ரூபாயை நீலக் கல்லாக மாற்றச் சொல்கிறார்கள், கல்லான பிறகு அது காசு என்பதே மறந்துபோகிறது. இந்த உடை நாளையோடு போய்விடும் என்று ஓடுகிறதே ஒரு கடிகாரம், அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏல மைக்கில் நான் ஒரு தரம் என்பதைச் சட்டென்று சொல்லி, ரெண்டு தரம் என்பதை ரப்பராக இழுத்து, ஆளை விட்டுவிட்டு அவர் சம்சாரத்தின் முகத்தைப் பார்ப்பேனே, அதே வித்தை. உடையோடு நின்றவரைக்கும் எனக்கு அதில் குறை தெரியவில்லை, உடை வாங்கியவனுக்கு அடி பலம் கூடுவதில்லை, கோழி எடுத்தவருக்காக யாரும் தேரைத் திருப்பவுமில்லை.

பெட்டி மட்டும் பிடிபடவில்லை. அதைத் தெரிந்துகொண்டு உனக்குப் பதில் சொல்லலாம் என்று போன ஞாயிறு திருவிழாவில் உன் அப்பன் ஒரு பெரிய புத்திசாலித்தனம் செய்தான். காணிக்கைகளைக் கூடைகளில் வைத்து சிவப்புத் துணியால் மூடி, இதில் ஏதோ ஒன்றில் சகாயராஜ் கொடுத்த வெள்ளிக் கொலுசு இருக்கிறது, எதில் என்று சொல்லமாட்டேன் என்று ஏலம் விட்டேன். மைதானமே கிளம்பி முன்னால் வந்துவிட்டது. நம் ஆட்டோ அன்பு இருக்கிறானே, மாரியம்மன் கோயிலுக்கும் போவான், மாதா தேருக்கும் நம்மை விட முன்னால் வந்து நிற்பான், பந்தியில் கடைசிவரை பரிமாறிவிட்டுத்தான் போவான், அவன் முதல் கூடையை எடுத்தான். தேங்காய். எல்லோரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். அடுத்ததில் உப்பு. இன்னொண்ணு உடுங்ணா, இந்தத் தடவ உழுந்துரும் என்றான். நானும் மைக்கில் ரெண்டு தரத்தை இழுத்து, பின்னால் நின்ற அவன் சம்சாரம் அறிவுச்செல்வியின் முகத்தைப் பார்த்தேன், பழக்கதோஷம். அவள் தலை குனிந்திருந்தது. அந்தக் கூடையில் பூசணிக்காய். அப்போது அவன் சிரிக்கவில்லை. பூசணியை ஆட்டோவில் வைத்துக்கொண்டு, பந்தியில் கை நனைக்காமல் போய்விட்டான். அதோடு ஏலத்தை நிறுத்தி, மிச்சக் கூடைகளைத் துணி பிரிக்காமலே உள்ளே எடுத்து வைத்துவிட்டேன்.

மறுநாள் தூக்குச்சட்டியில் பிரியாணி எடுத்துக்கொண்டு போனேன். கொடுத்த காசைத் திருப்பித் தருகிறேன் என்றதற்கு, கேவலப்படுத்தாதீங்ணா, ஆடினேன், தோத்தேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். வாசல் வரை வந்த அறிவுச்செல்வி, ஏனுங்ணா, கொலுசு எந்தக் கூடையில இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க, சோத்துல கைய வெச்சுக்கிட்டு அதையேதான் பேசுது இந்த மனுசன் என்றாள். அடுத்ததுதானுங்ணா, எனக்குத் தெரியும் என்று உள்ளேயிருந்து அன்பு சொன்னான். உண்மையில் அடுத்ததுதான். இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன், ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த ஒரு கூடை அவனை வருஷம் முழுக்கத் தின்றிருக்கும்.

அதனால் சொல்கிறேன் சாமி, பெட்டி வரையாதே. இதை எழுதி அடித்துவிட்டு மறுபடியும் எழுதியிருக்கிறேன், படத்தில் கோடு தெரியும். ஏன் அடித்தேன் என்றால், நீ மாட்டேன் என்று சொன்னால் ஒருவேளை வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று உள்ளே ஓர் ஆசை உட்கார்ந்திருக்கிறது, அன்புக்காகச் சொல்கிறேனா அந்த ஆசைக்காகச் சொல்கிறேனா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அம்மா நேற்று உன் அறையைக் கழுவிவிட்டாள், எதற்கு என்று கேட்டால் சும்மாதான் என்கிறாள். ஆகவே எங்கள் இருவர் பேச்சையும் பாதி விலைக்கு எடுத்துக்கொள். மாட்டேன் என்று நீ சொல்லி, அங்கேயே வேறொரு கம்பெனி உன்னை உடை வரையக் கூப்பிட்டுக்கொண்டால், நான் சந்தோஷப்படுவேன், கொஞ்சம் குறைவாகத்தான் படுவேன், ஆனாலும் படுவேன்.

மாதா உன்னைத் தன் முக்காட்டுக்குள் வைத்துக் காக்கட்டும். இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரைந்து ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மறக்காதே, அவர்களுக்குப் பதில் எழுதும் முன்னால் வயிறாரச் சாப்பிடு, பசியில் எழுதினால் மரியாதை குறைந்துவிடும்.

இப்படிக்கு,
உன் வரவையும் உன் நல்லதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கும் அப்பா,
ஞானதாஸ்